நானாவின் படகு

கட்டாருக்குப் போகுமுன் நானா என்னிடம் ஒப்படைத்தது அவருடைய ரேடியோ படகைத்தான். தோட்டத்துக் குளத்தில் அதை ஓட்டினால், கொழுந்து பறித்துவிட்டு வரும் அக்காமார்கூட நின்று, "கம்பி எங்கே தம்பி?" என்று கேட்பார்கள். 1898இல் நிக்கொலா டெஸ்லா நியூயோர்க்கில் இப்படியொரு படகைக் காட்டியபோதும் சனங்கள் அதிசயித்தார்களாம். நானா சொல்வார்.

"நான் வரும்வரை கவனமாக வைத்திரு, தங்கச்சி."

கவனமாகத்தான் வைத்தேன். 2017 மே வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் இரத்தினபுரி வீட்டில் பெறுமதியான எதையும் கீழே வைப்பதில்லை. குர்ஆன், காணி உறுதி, என் சான்றிதழ்கள் எல்லாம் அலுமாரிக்கு மேலேதான். மிதக்கும் படகையும் வெள்ளத்துக்குப் பயந்து அங்கேயே ஏற்றினேன்! தலைக்கு மேல் தகரக் கூரை. நானா வந்த உடனே ஓட்டட்டும் என்று பெட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, உள்ளேயே வைத்து மூடியை இறுக்கினேன்.

எட்டு மாதம் கழித்து, பெருநாளுக்கு வருவதாக அவர் சொன்ன அன்று திறந்தேன். பெட்டரி தலையணைபோல் ஊதியிருந்தது. விசிறியைத் திருப்பினேன், அசையவில்லை. அழுதுகொண்டே அழைப்பெடுத்தேன்.

நானா ஏசவில்லை. "குத்திவிடாதே, தீப்பிடிக்கும். வாப்பாவிடம் சொல்லி மணல் போட்ட டின்னில் வைத்து வெளியே வை" என்றார். பிறகுதான் விளக்கினார். லிதியம் பொலிமர் பெட்டரியில் ஒரு கலம் நிறைந்தால் 4.2 வோல்ட். பாவிக்காமல் வைப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில், ஏறத்தாழப் பாதியாக, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நிறைந்த பெட்டரியும் தகரச் சூடும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகிவிடும். ஓடத் தயாராக இருக்கட்டும் என்று நான் செய்ததே அதைக் கெடுத்திருக்கிறது.

விசிறியின் கதை வேறு. மோட்டாரிலிருந்து அதற்குப் போகும் உருக்குத் தண்டு ஒரு குழாய்க்குள் இருக்கிறது. அந்தக் குழாயிலுள்ள கிறீஸ்தான் தண்ணீரைத் தடுக்கும். கடைசி நாள் ஓட்டிய ஈரம் காயாமல் மூடியதில் தண்டு துருப்பிடித்திருந்தது. வாப்பாவும் நானும் அதைக் கழற்றி, துருவைத் தேய்த்து, புதுக் கிறீஸ் அடைத்தோம். மூடியைத் திறந்து நிழலில் உலரவிட்டோம். ரிமோட்டிலிருந்த சிறு பெட்டரிகளையும் கழற்றினேன். அவை கசிந்தால் அதுவும் போய்விடும்.

பெருநாளுக்கு முதல் நாள் நானா வந்தார். புதிய பெட்டரி அவருடைய கைப்பையில் இருந்தது. விமானத்தில் அதைப் பெரிய பெட்டியில் போட விடமாட்டார்களாம். சலாம் சொல்லிவிட்டு நேரே படகிடம் போய், விரலால் விசிறியைத் தட்டினார். சுழன்றது.

திரும்பிப் போகும்போது சார்ஜரையும் என் கையில் தந்தார்.