ஒரு செப்புக்காசும் நம்ம ஊர் வரலாறும்

ஐரோப்பியப் பழங்காசுகள் சேகரிக்கிற எனக்கு ரொம்பப் பிடித்தது 1700-களின் டச்சு 'டாய்ட்'. சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை: பெரிய 'வி', அதன் இரு கால்களில் 'ஓ'வும் 'சி'யும், கீழே வருடம். மறுபக்கம் அச்சடித்த மாகாணத்தின் சின்னம். சீலாந்துக் காசென்றால் அலைகளுக்கு மேலே பாதி உடல் காட்டும் சிங்கம். ஜாவாவிலும் இலங்கையிலும் புழங்கிய காசு இது.

அந்தக் கம்பெனியைத்தான் 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். சரணடைந்த கம்பெனி அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாகி, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அவர் வழியே கிறிஸ்தவம் அறிந்து அதைத் தழுவிய தேவசகாயம் பிள்ளை 1752-இல் சுட்டுக்கொல்லப்பட்டது நம்ம ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில்.

சேகரிக்க ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. புளி போட்டுக் காசைத் தேய்க்காதீங்க. அந்தக் கருமைதான் அதன் வயசு, அதுதான் மதிப்பு. மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும். எங்கே, எந்த ஆழத்தில், எதோடு கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் பாதி வரலாறும் போச்சு. தாத்தா பாட்டி பெட்டிகளில் பழங்காசு இருந்தால், எடைக்குப் போடும் முன் விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்க.