பரிசளிப்பு விழாப் படங்களை அழித்தது நான்தான்



எங்கள் பாடசாலை இணையத்தளத்தில் இருந்த பழைய பரிசளிப்பு விழாப் படங்கள் எங்கே என்று பழைய மாணவர்கள் பலர் இன்பொக்ஸில் கேட்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் மழுப்புவதை விட இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழித்தது நான்தான்.

தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. அதை ஆரம்பித்த சேர் இடமாற்றம் பெற்றுப் போனதும் பொறுப்பு என்னிடம் வந்தது. போனவருடைய கணக்கு திறந்து கிடக்கக் கூடாது என்று அதை நீக்கினேன். அதில் பிழையில்லை. ஆனால் நீக்கும்போது வேர்ட்பிரஸ் ஒரு கேள்வி கேட்கும்: இவர் போட்டவற்றையும் அழிக்கவா, இன்னொருவர் பெயருக்கு மாற்றவா? லுஹர் பாங்கு சொல்லும் நேரம், அவசரத்தில் முதலாவதை அழுத்திவிட்டேன். கட்டுரைகள் குப்பைத்தொட்டியில் கிடந்தன. 30 நாட்களுக்குள் கண்டதால் மீட்டெடுத்தேன். அவர் ஏற்றிய படங்கள் தொட்டிக்குப் போகவில்லை, நேரே போய்விட்டன. பேக்கப்பும் எடுத்து வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு பேர் ஒரே அட்மின் பாஸ்வேர்டைப் பாவித்துக்கொண்டிருந்தோம். அது வட்ஸ்அப் குழுவிலும் கிடந்தது! எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்து, பெரும்பாலானோருக்குக் கொன்ட்ரிபியூட்டர் கொடுத்தேன். எழுதலாம், தாமாக வெளியிட முடியாது.

மூத்த சேர் ஒருவர் ஸ்டாப் ரூமில் வைத்தே கேட்டார்: "தம்பி, 26 வருஷ சேர்விஸ். நான் எழுதினத நீங்க பார்த்துத்தான் போடணுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். ஆனாலும் அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கொன்ட்ரிபியூட்டரால் ஒரு படம்கூட ஏற்ற முடியாது. கட்டுரை வெளிவந்த பிறகு தன் எழுத்துப்பிழையைத் திருத்தவும் முடியாது. அவரை ஓதராக மாற்றினேன். தன்னுடையதை அவரே போடுவார், மற்றவருடையதைத் தொட முடியாது. பகுதித் தலைவர் எடிட்டர், எல்லோருடையதையும் திருத்துவார். அதிபருக்கு அட்மின் கொடுக்கப் போனேன். "எனக்கு வேணாம், கைபட்டு எதையும் அழிச்சிருவன்" என்று சிரித்தார். யாரைக் குத்திச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அட்மின் இரண்டே பேர். நானும் இன்னொரு டீச்சரும். நாளைக்கு எனக்கும் இடமாற்றம் வரலாம் அல்லவா? அன்றாட வேலையை நானும் எடிட்டர் கணக்கில்தான் செய்கிறேன். என் கையை நானே நம்புவதில்லை.

இடமாற்றமாகிப் போன சேருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பழைய லெப்டொப்பில் சிலது இருக்கலாம், தேடிப் பார்க்கிறேன் என்றார்.

உங்களிடமும் அந்த விழாப் படங்கள் இருந்தால் தாருங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஈமெயிலில் அனுப்புங்கள். எந்த ஆண்டு, படத்தில் யார் யார் என்றும் எழுதிவிடுங்கள்.