தம்புள்ளை வழியில் ஒரு பிரைட் ரைஸ்

மாத்தளைப் பட்டணத்தை விட்டு வேன் கிளம்பி அலுவிகாரையைக்கூடத் தாண்டவில்லை. பின் ஆசனத்திலிருந்து இளைய மகள் கேட்டாள்: “வாப்பா, இன்டைக்கு எங்க பிரைட் ரைஸ் சாப்பிடப் போறோம்?”

பாடசாலை விடுமுறை. என் உம்மா, மனைவி, மூன்று பிள்ளைகள், நான் என ஆறு பேர் சிகிரியா பார்க்கப் புறப்பட்டிருந்தோம். சிகிரியாக் குன்றைவிட அதன் அடிவாரத்தில் கிடைக்கப்போகும் பகல் சாப்பாடுதான் மகளின் நினைவில் இருந்தது. சின்னப் பிள்ளையின் கேள்விதானே என்று நான் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்வி எனக்கு எத்தனை பாடங்களைக் கற்றுத்தரப் போகிறது என்பது அப்போது தெரியவில்லை.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி எங்கள் மாவட்டத்தை ஊடறுத்துப் போகிறது. மாத்தளை, பலாபத்வெல, நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று ஊர்கள் வரிசையாக வரும். இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகும் கராம்பும் ஏலமும் ஜாதிக்காயும் எங்கள் மண்ணின் செல்வம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமே மாத்தளையில்தான் இருக்கிறது. வடக்கே போகப் போகக் குளிர் குறைந்து வெயில் ஏறும். கலேவெல, தம்புள்ளைப் பக்கம் பெரிய வெங்காயம் விளையும் பூமி. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் நுவரெலியா கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறி லொறியாக வந்து இறங்கும். ஆக, ஒரு பிரைட் ரைஸுக்கு வேண்டிய மரக்கறியும் மிளகும் இந்த ஒரே வீதியில் கிடைத்துவிடுகின்றன.

“இது சீனாக்காரன்ட சாப்பாடுதானே? நாங்க சாப்பிடலாமா?” என்று உம்மா கேட்டார்கள்.

சகோதரிகளே, இந்தச் சந்தேகம் நம் மூத்த பெண்கள் பலருக்கு உண்டு. சீன நாட்டில் பொரித்த சோற்றுக்குப் பேர்போன நகரம் யாங்சோ. அதே நகரத்தில்தான் புஹத்தீன் என்ற பெரியார் 13ஆம் நூற்றாண்டில் குடியேறிப் பள்ளிவாசல் கட்டினார். 1275இல் வபாத்தான அவரது அடக்கத்தலம் இன்றும் அங்கே இருக்கிறது. சீன முஸ்லிம்கள் தங்கள் உணவுக் கடைகளில் ‘சிங்ஜென்’ என்று எழுதி வைப்பார்கள். தூய்மை, உண்மை என்ற இரு கருத்துகளும் சேர்ந்த சொல் அது. ஹலாலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான்.

இன்னொரு வழியாகவும் இந்தச் சோறு நமக்கு உறவு. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலாய் முஸ்லிம்கள் நம் மத்தியில் வாழ்கிறார்கள். அவர்களின் ‘நாசி கொரெங்’ என்பதற்குப் பொரித்த சோறு என்றே பொருள். ஆகவே பெயரில் குற்றமில்லை. தாச்சிக்குள் என்ன விழுகிறது, அந்தத் தாச்சியில் இதற்கு முன் என்ன வெந்தது என்பதுதான் கேள்வி.

சிகிரியாவில் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். உம்மாவும் மனைவியும் கீழே மரநிழலில் இருந்தார்கள். லுஹரையும் தொழுதுவிட்டுப் பார்த்தால் எல்லோர் முகத்திலும் பசி.

வீதியோரத்தில் ஒரு சிறிய உணவகம். தகரக் கூரை, நான்கு மேசை, வாசலிலேயே அடுப்பு. நெருப்பு நாக்கு நீட்ட, தாச்சியைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தார் ஒரு சிங்கள இளைஞர். மணம் வேன் வரைக்கும் வந்தது. எனக்குக் கேட்கக் கூச்சம். தொப்பியும் தாடியுமாகப் போய் நின்று ஹலாலைப் பற்றிக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். 2013ஆம் ஆண்டில் ஹலால் சான்றிதழை வைத்து நாட்டில் எழுந்த சர்ச்சையை நாம் மறந்துவிடவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை உரத்துச் சொல்லவே பலருக்குத் தயக்கம் உண்டு.

ஆனாலும் கேட்டேன். “மல்லி, நாங்கள் முஸ்லிம்கள். எங்கள் உணவில் சில கட்டுப்பாடுகள் உண்டு. குறை நினைக்க வேண்டாம், இந்தத் தாச்சியில் என்னவெல்லாம் சமைப்பீர்கள்?”

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். “ஐயா, வெளிநாட்டவர்கள் வருவதால் பன்றி இறைச்சியும் சமைக்கிறோம். தாச்சி ஒன்றுதான். உங்களுக்குச் சரிவராது” என்றார். அதோடு விடவில்லை. இனாமலுவைச் சந்தியைத் தாண்டித் தம்புள்ளைப் பக்கம் போனால் ஒரு முஸ்லிம் குடும்பம் நடத்தும் கடை இருக்கிறது என்று வழியும் சொன்னார். பிள்ளைகள் குடிக்கத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆறு பேரின் சாப்பாட்டு வியாபாரத்தை ஓர் உண்மைக்காக விட்டுக்கொடுத்த அந்த இளைஞரை நான் மறக்கமாட்டேன். பணிவாகக் கேட்டால் பணிவான பதில் கிடைக்கிறது. நாம் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு வீட்டில் இருந்துகொண்டு சந்தேகப்படுவதில் என்ன நியாயம்?

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், 786 என்று பெரிதாக எழுதிய கடையொன்றில் இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கினோம். பலகையைப் பார்த்த திருப்தியில் நான் குசினிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பகல் வடித்த சோறு திறந்த கூடையில் மிஞ்சிக் கிடந்திருக்கிறது. அதைத்தான் பொரித்துத் தந்தார்கள். வீடு போய்ச் சேருமுன் மகன் வாந்தியெடுக்கத் தொடங்கினான். விடிய விடிய வைத்தியசாலையில் இருந்தோம்.

வைத்தியர் விளக்கியதை நம் பெண்கள் கட்டாயம் அறிய வேண்டும். அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்துகள் இருக்கும். சோறு வேகும்போதும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெளியில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் எவ்வளவுதான் பொரித்தாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி வரும். 1970களில் இங்கிலாந்தின் சீன உணவகங்களில் பொரித்த சோறு சாப்பிட்டவர்களிடம்தான் இந்த நோயை முதலில் கண்டறிந்தார்கள். பிரைட் ரைஸுக்கு ஆறிய சோறு வேண்டும் என்பது உண்மை. சூடான சோறு குழைந்துவிடும். ஆனால் அது பரப்பி விரைவாக ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோறாக இருக்க வேண்டும்.

ஹலால் மட்டும் போதாது, தையிபாகவும் இருக்க வேண்டும் என்று வகுப்பறையில் எத்தனையோ தடவை பாடம் நடத்தியவன் நான். அந்த இரவில்தான் அந்தப் பாடம் எனக்கே விளங்கியது.

இளைஞர் சொன்ன கடைக்கு வந்து சேர்ந்தோம். இம்முறை முதலில் குசினியைப் பார்த்தேன். சோறு பெட்டியிலிருந்து வந்தது. சமையற்காரர் ஒரு தடவைக்கு இரண்டு பீங்கானுக்கு மேல் தாச்சியில் போடவில்லை. கேட்டதற்கு, “நிறையப் போட்டால் சூடு இறங்கும் ஹஸரத், சோறு பொரியாமல் அவியும்” என்றார். முட்டை, கரட், லீக்ஸ், கோழி, கடைசியில் மிளகுத் தூள். சோறு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பீங்கானில் எண்ணெய் தேங்கவில்லை. இரண்டும் நல்ல பிரைட் ரைஸுக்கு அடையாளம். ஒரு முழுப் பீங்கான் இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

மாடியில் குடும்பங்களுக்கென்று தனி இடம். கை கழுவப் பீலி, சுத்தமான கழிப்பறை, தொழ ஒரு பாய். உம்மா சாய்ந்து உட்கார்ந்தார்கள். என் மனைவி ஆறுதலாகச் சாப்பிட்டு, இரண்டு கோப்பை தண்ணீரும் குடித்தாள். நான் ஆச்சரியத்தோடு பார்த்தேன். பயணங்களில் அவள் இரண்டு கவளத்தோடு கையை எடுத்துவிடுவாள். பசியில்லை என்பாள்.

“இஞ்சாருங்க, பசி இல்லாம இல்ல” என்றாள் மெதுவாக. “ஆம்பிளைகள் நிறைஞ்ச கடைல முகத்த மூடிக்கொண்டு எப்பிடிச் சாப்பிடுற? தண்ணி குடிச்சா ஒதுங்க எடமில்ல. அதுனால குடிக்கிறதில்ல. உங்கட உம்மாவும் அப்பிடித்தான்.”

பதினெட்டு வருட மணவாழ்க்கை. எத்தனை பயணங்கள்! கோழியை யார் அறுத்தது என்று கடை கடையாகக் கேட்டவன், பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தேன்.

ஆகவே சகோதரிகளே, எந்தக் கடை நல்ல கடை என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. முதலாளி மாறுவார், சமையற்காரர் மாறுவார், பலகை மட்டும் அப்படியே இருக்கும். இறங்குமுன் நான்கைக் கேளுங்கள். கோழி எங்கிருந்து வருகிறது, தாச்சி தனியா? சோறு எப்போது வடித்தது? சாஸில் மது கலந்திருக்கிறதா? பெண்கள் இருந்து சாப்பிடவும் ஒதுங்கவும் இடமுண்டா? நான்காவது கேள்வியை ஆண்கள் கேட்க வேண்டும். கேட்க மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். பசியில்லை என்று சொல்லாதீர்கள். கடைக்காரரும் நான்கு பேர் கேட்டால்தான் ஒரு திரைச்சீலையாவது கட்டுவார்.

வேன் நாவுலையைத் தாண்டும்போது நான் திரும்பி, “தண்ணி வேணுமா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“வாப்பா முதல் தடவையா உம்மாட்டக் கேக்கிறாங்க” என்றாள் இளைய மகள்.