நிலத்திலிருந்து இரண்டங்குலம்

கலைப்பீடத்து மாணவி ஒருத்தி மோட்டார் சைக்கிளை உயர்த்தி நிறுத்தும் தாங்கியைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். இவ்விதழுக்கு விடயதானம் கேட்டு வந்த நண்பரும், நான் தலைப்பைச் சொன்னதும், "சங்க காலத் தேர்களைப் பற்றி ஏதாவது எழுதக்கூடாதா?" என்று வினவினார். தேர்களைப் பற்றி எழுதப் பலர் உளர். எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கும் வண்டியைப் பற்றி எழுத என்னையன்றி வேறொருவர் இலர்.

அவ்வண்டி அண்ணா கட்டாருக்குப் போகும்போது விட்டுச் சென்றது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருந்த ஒவ்வொருவரும் அதனைக் கண்ணின் மணியெனக் காக்க வேண்டியவராயினர். 2022 ஆம் ஆண்டில் வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று பெற்றோல் அளந்து வழங்கப்பட்ட நாட்களில், கராச்சுக்குப் போய்வரும் எண்ணெய்கூடக் கணக்கிற் சேர்ந்தது. கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவரான அப்பாவுக்குக் கணக்குத்தான் உயிர். ஆகவே செயினுக்கு ஒயில் இடுவது முதல் பின்சில்லைக் கழற்றி ஒட்டுப்போடுவது வரை யாவும் எங்கள் முற்றத்திலேயே நடைபெறலாயின.

பழைய வண்டிகளுக்கு நடுத்தாங்கி இருந்தது. அதன் ஒரு பக்க நாக்கிற் குதிக்காலை ஊன்றி, உடற்பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினால், கையை வருத்தாமலே வண்டி பின்னோக்கி ஏறி நின்றுவிடும். அண்ணாவின் வண்டியிலோ பக்கத்தாங்கி மட்டுமே உண்டு. அழகுக்காகவோ பாரத்தைக் குறைப்பதற்காகவோ நடுத்தாங்கியை ஒழித்துவிட்டார்கள். அதை ஒழித்தவர்கள் வடமராட்சியின் மணல் முற்றத்தில் ஒருநாளேனும் சில்லுக் கழற்றியிருக்கமாட்டார்கள் என்பது என் துணிபு.

அப்பா கண்ட வழி இரண்டு சீமெந்துக் கற்களும் ஒரு பனங்குற்றியும். கற்களை அடுக்கி, அதன்மேற் குற்றியைக் கிடத்தி, எஞ்சினுக்குக் கீழே கொடுத்துவிட்டால் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பும். பலமுறை அவ்வாறு செய்து ஒரு தீங்கும் நேரவில்லை. தீங்கு நேராத வரைக்கும் எந்த முறையும் சரியான முறையாகவே தோன்றுகிறது.

2022 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பல்கலைக்கழகம் மூடியிருந்ததால் நான் வீட்டில் நின்றேன். "பிள்ளை, ஹாண்டிலைக் கொஞ்சம் பிடி, விட்டிடாதை" என்றார் அப்பா. இறுகியிருந்த அச்சு நட்டை இரும்புக் குழாயொன்றைச் சாவியிற் கோத்து அவர் உன்னித் திருப்பினார். நட்டுக் கழன்றது. அதை என்னிடம் நீட்டினார். அதை வாங்குவதற்காக நான் ஒரு கையை எடுத்தேன். அதே கணத்தில் அவர் அச்சை மறுபுறத்திலிருந்து இழுத்தார். மணலிற் புதைந்து ஒருபுறம் சாய்ந்திருந்த கல் உருண்டது. நூற்று முப்பது கிலோவுக்கு மேற்பட்ட அவ்வண்டி இடப்புறமாகச் சரிந்து அவருடைய கணுக்கால்மீது வீழ்ந்தது.

எலும்பு முறிந்திருந்தது. பார்க்க வந்த உறவினர் அனைவருக்கும் அப்பா சொன்னது ஒரே வசனந்தான்: "கல்லுச் சறுக்கிப்போட்டுது." நான் கையை எடுத்ததை அவர் எவருக்கும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அவர் ஏசாமையால், அந்த ஒரு கையை இன்றுவரை நான் எடுத்தவண்ணமே இருக்கிறேன்.

பாடசாலை விஞ்ஞானத்தில் நெம்பு, பொறுதி, எத்தனம், சுமை என்று மனனஞ் செய்து புள்ளி பெற்றவள் நான். அப்பா பிளாஸ்ரருடன் கிடந்த நாட்களிலேதான் அச்சொற்களுக்குப் பொருள் விளங்கிற்று. குற்றியின்மேல் நின்ற வண்டிக்கு ஆதாரம் ஒடுங்கியது. அதன் புவியீர்ப்பு மையமோ உயரத்தில் உள்ளது. அம்மையத்திலிருந்து நேர்கீழாக வரும் கோடு ஆதாரத்தின் விளிம்பைத் தாண்டிய அக்கணமே வீழ்ச்சி தொடங்கிவிடும். இறுகிய நட்டைத் திருப்பும் வலுவும் அச்சை இழுக்கும் வலுவும் அக்கோட்டைத் தள்ளிவிடப் போதுமானவை. ஆகவே இறுகிய நட்டை, இரு சில்லுகளும் நிலத்தில் நிற்கும்போதே சற்று நெகிழ்த்திக்கொண்டு, அதன்பின்னரே வண்டியை உயர்த்த வேண்டும். இச்சிறு ஒழுங்கு மாற்றம் ஒன்றே அன்று பாதித் தீங்கைத் தவிர்த்திருக்கும்.

மறு ஆண்டில் மகாபொலப் பணத்தில் மிச்சம்பிடித்துத் தாங்கியொன்று வாங்கத் துணிந்தேன். பின்சில்லுத் தாங்கிகள் பெரும்பாலும் இரு வகையின. ஒருவகை, பின்கவையின் இருபுறமும் திருகிய நூற்கட்டை போன்ற உருளைகளைக் கவ்வித் தூக்கும். இதுவே உறுதியானது, வழுவாது. ஆனால் உருளையைத் திருகுவதற்குக் கவையிலே புரியிட்ட துளை இருத்தல் வேண்டும். எங்கள் வண்டியில் அது இல்லை. மற்றையது, இறப்பர் போர்த்த இரு தட்டுகளாற் கவையின் அடிப்புறத்தை ஏந்துவது. அதைத்தான் கொள்ள வேண்டியதாயிற்று. முன்சில்லுக்கும் தனித் தாங்கி உண்டு. முன்கவையையே கழற்றுவதாயின் ஹாண்டிலின் அடித்தண்டைத் தாங்குவது தேவை. எதுவாயினும் பின்புறத்தை முதலில் உயர்த்திய பின்னரே முன்புறத்தைத் தொடலாம்.

கடைகளிற் கண்டவற்றின் குழாய் மெல்லியது. கைப்பிடியை அழுத்தினாலே வளைந்தது. ஈற்றில் நெல்லியடிப் பக்கத்தில் இரும்பு ஒட்டுபவர் ஒருவரிடம் வண்டியையே உருட்டிக்கொண்டு போனேன். "ஆருக்குத் தங்கச்சி, அண்ணாவுக்கோ?" என்றார். எனக்கென்றதும் நிமிர்ந்து பார்த்தார். ஆயினும் அளவை ஒழுங்காகவே எடுத்தார். கவையின் அகலத்துக்கேற்பத் தட்டுகள் நகரவேண்டும், அடிப்பாகம் அதைவிட அகன்றிருக்க வேண்டும், தட்டு சைலன்சரிலோ செயினை இறுக்கும் திருகிலோ முட்டாது அச்சுக்கு முன்னே அமரவேண்டும் என்று நான் தாளில் எழுதிச் சென்றிருந்தேன். அத்தாளை அவர் திருப்பித் தரவில்லை.

மணலில் எந்தத் தாங்கியும் புதையும். ஆதலால் விறாந்தையின் சீமெந்துத் தரையையே பணிக்களமாக்கினேன். வண்டியைப் பக்கத்தாங்கியிலிருந்து நிமிர்த்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் இரு தட்டுகளும் கவையின் கீழே சமமாகப் பொருந்தினவா என்று குனிந்து இருபுறமும் பார்த்தல் வேண்டும். ஒருபுறம் பார்த்து மறுபுறத்தை ஊகித்தலாகாது. அதன்பின் கைப்பிடியை வெட்டி இழுக்காமல் உடற்பாரத்தால் மெல்ல அழுத்தினால், சில்லு இரண்டங்குலம் எழும்பும். அதற்குமேல் உயர்வு வேண்டியதில்லை. முன்பிறேக்கின் பிடியைப் பழைய ரியூப்பிலிருந்து வெட்டிய நாடாவால் இறுகக் கட்டிவிட்டால் வண்டி உருளாது. செயினைத் துடைக்கும்போது எஞ்சினை இயக்கிச் சில்லைச் சுழலவிடுவோரைக் கண்டிருக்கிறேன். துணி சிக்கினால் விரலும் அதனோடு போய்விடும். கையாற் சுழற்றினால் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செல்லும், அவ்வளவே.

முதன்முறை வண்டியை உயர்த்திய அன்று அம்மா ஹாண்டிலைப் பிடித்தா. அப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து ஒன்றும் பேசாது பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோலை அவர் விட்டிருந்தாலும், படியேறும்போது அந்தக் கால் இன்னமும் சற்றுப் பிந்தியே வரும். நான் செயினைத் துடைத்து ஒயிலிட்டு, அதன் தொய்வை நடுவிலே அளந்து பார்த்து முடித்தேன். வண்டியை இறக்குவதற்காகக் கைப்பிடியைப் பற்றியபோது அம்மா முன்சில்லுப் பக்கமிருந்து, "விடட்டோ பிள்ளை?" என்று கேட்டா.

"பொறு, விடாதை" என்ற குரல் கதிரையிலிருந்து வந்தது. அப்பா எழுந்து, மெல்ல நடந்து வந்து, குனிந்து வண்டியின் இடப்பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தாங்கி மடிந்தே கிடந்தது. அவ்வாறே இறக்கியிருந்தால் வண்டி சாய்வதற்கு ஊன்றுகால் இராது. அதனைக் காலால் விரித்துவிட்டு, என்னைப் பாராமலே ஆசனத்தின் பின்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"இப்ப இறக்கு. நான் பிடிச்சிருக்கிறன்" என்றார்.