எழுபது வளைவும் எஸ்.ஐ.ஆர். பாதையும்

கொல்லிமலைக்கு ரயில் கிடையாது. இது தெரிந்தும், ரயில் பைத்தியம் பிடித்த ஆபீஸ் நண்பர் ஒருவரை நம்பி அங்கே கிளம்பினேன் என்றால் தப்பு என் மேல்தான்!

"எழும்பூர்ல ராத்திரி சேலம் எக்ஸ்பிரஸ். டிக்கெட் போட்டாச்சு" என்றார்.

"சென்ட்ரல் போனா சேலத்துக்கு எத்தனையோ வண்டி இருக்கே சார்?"

"அதெல்லாம் ஜோலார்பேட்டை வழி. இது விருத்தாசலம், ஆத்தூர் வழி. எஸ்.ஐ.ஆர். போட்ட பாதை!"

வாக்காளர் பட்டியல் எஸ்.ஐ.ஆர். என்று பயந்துவிட வேண்டாம். இது சவுத் இந்தியன் ரயில்வே. 1874-ல் பிறந்த கம்பெனி. திருச்சியில் தலைமையகம் வைத்துக்கொண்டு தென் தமிழ்நாடு பூராவும் மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பின்னிய மகானுபாவர்கள். 1944-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் ஸ்டேட் ரயில்வே இரண்டோடும் கலந்து தென்னக ரயில்வே ஆனது. கம்பெனி போர்டைக் கழற்றி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாதை மட்டும் கிடக்கிறது.

அதிலும் பழைய இரும்பு கிடையாது. 2007-ல் சேலம் - விருத்தாசலம் பாதையை அகலமாக்கிவிட்டார்கள். அதே வருஷம்தான் சேலம் கோட்டமும் உருவானது. 'பாலக்காட்டுக் கோட்டத்தை உடைக்காதே' என்று கேரளத்தில் எதிர்ப்பெல்லாம் கிளம்பிய கதை ஞாபகம் இருக்கலாம்.

ஆத்தூர் வந்தபோது என்னைத் தட்டி எழுப்பினார் நண்பர். வெளியே கும்மிருட்டு. "பாருங்க சார், எஸ்.ஐ.ஆர். பாதை!" என்றார். எனக்கு ஒரு டீக்கடை பல்பு தெரிந்தது.

சேலத்தில் பஸ் பிடித்து, ராசிபுரம் தாண்டி, காரவள்ளி அடிவாரம். ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டோம். எழுபது கொண்டை ஊசி வளைவு! முதல் இருபது வரை பெருமையாக எண்ணினேன். அதற்கு மேல் வயிறு எண்ண ஆரம்பித்துவிட்டது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய வல்வில் ஓரி ஆண்ட மலை. இந்த பஸ்சில் ஏறியிருந்தால் அவருக்கும் குறி தப்பியிருக்கும்.

மேலே வந்துவிட்டால் எல்லாம் மறந்துவிடுகிறது. மிளகுக்கொடி, காபிச்செடி, ரோட்டோரம் அறுத்து உப்பு, மிளகாய்த்தூள் தூவித் தரும் அன்னாசி. சீக்குப்பாறையில் நின்று பார்த்தால் கீழே சமவெளி பாய் விரித்த மாதிரி கிடக்கிறது.

"எஸ்.ஐ.ஆர். காலத்துல நாமக்கல்லுக்கு ரயில் கிடைக்கல. சேலம் - கரூர் பாதை வந்தது 2013-லதான்" என்றார் நண்பர். அந்தக் கோபத்தில்தான் நாமக்கல்காரர்கள் ஊரையே லாரிமயமாக்கிவிட்டார்களோ என்னவோ!

"மீட்டர் கேஜே எங்கயும் மிச்சமில்லையா?"

"ஏன் இல்ல? ஊட்டி ரயில்! மேட்டுப்பாளையத்துலேருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவு. அதுவும் எஸ்.ஐ.ஆர். ஓட்டினதுதான். இப்ப சேலம் கோட்டம் ஓட்டுது. எஸ்.ஐ.ஆர். தன்னோட பட்டறையை நாகப்பட்டினத்துலேருந்து 1928-ல பொன்மலைக்கு மாத்துச்சே, அங்கதான் இன்னைக்கும் அதுக்குப் புது நீராவி இன்ஜின் செய்யறாங்க."

இது எனக்குப் புதுசு. முதலாளி போய்ச் சேர்ந்த பிறகும் பட்டறை வேலை பார்க்கிறது!

பக்கத்தில் பேரனோடு நின்ற பெரியவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தர்மபுரிக்காரராம்.

"தம்பி, எங்க ஊர் சின்ன ரயில் தெரியுமா?"

நண்பர் துள்ளிவிட்டார். "தெரியுங்கய்யா. மொரப்பூர் - தர்மபுரி, 1906. ரெண்டரை அடி அகலம்தான். 1913-ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க."

"பஞ்சம் வந்தா தானியம் கொண்டாரப் போட்டதுன்னு எங்கப்பா சொல்வாரு. அவரு அதுல போயிருக்காரு. சண்டைக் காலத்துல புடுங்கிட்டாங்க."

"1941-ங்கய்யா."

தர்மபுரிக்கு அப்புறம் சேலம் - பெங்களூர் பாதை வந்தது வாஸ்தவம். ஆனால் சென்னைப் பக்கம் போக மொரப்பூருக்கு பஸ்தான். 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

"கல்லு நட்டப்ப இவன் கைக்குழந்தை" என்று பேரனைக் காட்டினார் பெரியவர். "இத்தனை வெவரம் சொல்றீங்களே, மொரப்பூர் வண்டி எப்ப வரும் தம்பி?"

எந்த ஸ்டேஷனுக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நண்பர், கையிலிருந்த அன்னாசித் துண்டைப் பையனிடம் நீட்டினார். இறங்கும்போது எழுபது வளைவுக்கும் வாயே திறக்கவில்லை.