28 சதவீதம்

2019-இல் மொந்த்ரியாலில் என் தம்பிக்குப் புற்றுநோய் வலி. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சாவுக்குச் சட்டத் தடை இல்லை. அங்கே அரசுக் கடையிலேயே விற்கிறார்கள். டப்பாவில் இருந்த பிரெஞ்சை நான்தான் படித்துச் சொன்னேன். (பள்ளியில் அடி வாங்கிப் படித்தது அன்று உதவியது.) டி.எச்.சி. என்று ஓர் எண், மொத்த டி.எச்.சி. என்று இன்னொன்று. சின்ன எண், இப்போது இருப்பது. பெரியது, சூடுபட்ட பிறகு வரக்கூடியது. சம்பளப் பட்டியல் போட்டவனுக்கு இது புரியாதா!

தம்பி பெரிய எண்ணையே நம்பினான். 28 சதவீதம் வாங்கினான். பொட்டலம் கட்டி ஏழு மாதம், வாசனையே இல்லை. இரவெல்லாம் படபடப்பு. பிறகு வாங்கிய 17, புதுசு, மூடியைத் திறந்ததும் மணம். இரண்டே இழுப்பு, விடியும்வரை தூங்கினான்.

நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, சதவீதம், இழுப்பு, தூங்கிய மணி. அவன் போனபின் அது என்னிடம் வந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து சதவீதப் பத்தி காலி.