முள் சொன்ன பொய்

அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க நமக்கு மீட்டர் வேண்டாம். கையை விட்டால் தெரிந்துவிடும். பெட்ரோல் டாங்கிக்குள் கையை விட முடியுமா? அதற்காகத்தான் காரில் ஒரு முள் வைத்திருக்கிறார்கள். அந்த முள்ளே பொய் சொன்னால் என்ன செய்வது?

எங்கள் கோவளம் வீட்டில் மாமனாருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. 1961-ல் நம் சென்னையிலேயே தயாராக ஆரம்பித்த கார். அந்தத் தொழிற்சாலை 1980களின் பிற்பகுதியில் மூடப்பட்டுவிட்டது. மாமி இருந்தவரை முன் ஸீட்டு மாமிக்குத்தான்.

போன மாதம் அதன் பெட்ரோல் முள்ளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தாம்பரத்தில் டாங்கியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், கேளம்பாக்கம் வருவதற்குள் 'காலி' என்று படுத்துக்கொள்ளும். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் திடுக்கென்று எழுந்து 'பாதி' என்னும்.

"உதிரி சாமான் கிடைக்காத வண்டி. பேசாமல் காயலான் கடையில் போட்டுவிடலாம், அப்பா!" என்றார் என் கணவர். மாமா பதில் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

மறுநாள் வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் விளக்கியபோது விஷயம் எனக்கே புரிந்தது. டாங்கிக்குள் ஒரு மிதவை. பெட்ரோலோடு ஏறும், இறங்கும். அதன் கை ஒரு மெல்லிய கம்பிச் சுருளின்மேல் நகர்ந்து மின்சாரத்தின் தடையைக் கூட்டிக் குறைக்கும். தடை குறைந்தால் முள் ஏறும், கூடினால் இறங்கும். அந்த மின்சாரம் டாங்கியின் உடம்பு வழியாக வண்டியின் இரும்புக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் எர்த்.

டாங்கியை இறுக மூடி, பக்கத்தில் நெருப்பே கூடாதென்று சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பினார். மிதவைக்குப் போகும் ஒயரைக் கழற்றியதும் முள் காலிக்கு இறங்கியது. அதோடு இன்னொரு ஒயரைச் சேர்த்து, டாங்கிக்குத் தள்ளி வண்டியின் இரும்பில் ஒரு நொடி தொட்டார். முள் நிறைவை நோக்கி நகர்ந்தது.

"மீட்டரும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு, அம்மா! எர்த்தைப் பார்ப்போம்" என்றார்.

அங்கேதான் இருந்தது குற்றவாளி! கடற்காற்றின் உப்பில், டாங்கியை வண்டியோடு பிணைக்கும் திருகாணி துருவேறிக் கிடந்தது. துரு தடையைக் கூட்ட, முள் காலி என்று நம்பிவிட்டது. பாட்டரியைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, புதிதாக ஓர் எர்த் ஒயர் போட்டார். முள் முக்காலில் போய் அசையாமல் நின்றது.

காயலான் கடைப் பேச்சு நின்றுவிட்டது. மாதம் ஒருமுறை அந்தத் திருகாணிக்குக் கிரீஸ் தடவுவது இப்போது என் கணவரின் வேலை. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பது மாமாவின் வேலை. அப்பாவும் பிள்ளையும் இத்தனை நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை!